பரிசுத் துணியும் பெயரில்லாக் கைகளும்

டோக்கியோவின் கோமாபா பகுதியில் நிஹோன் மிங்கெய்க்கான் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பானிய நாட்டார் கைவினைகளுக்கான வீடு அது. ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே புதிய கைவினைப் பொருள்களுக்கான கண்காட்சி நடக்கும். நெசவாளர், சாயத் தொழிலாளர், குயவர், மரவேலைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் படைப்பை அனுப்பலாம். நடுவர்கள் கூடிப் பார்ப்பார்கள். சிலவற்றை ஏற்பார்கள், சிலவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒன்றுக்கு அருங்காட்சியகத்தின் பெயரிலேயே பரிசு கொடுப்பார்கள்.

உலகெங்கும் நடக்கிற வழக்கம்தான் இது. ஆனால் இந்தக் கட்டடத்துக்குள் நடக்கும்போது அது சாதாரணக் காரியமாக இருப்பதில்லை. 1936இல் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்த யனாகி சோயெட்சு, அழகு என்றும் அவலட்சணம் என்றும் பிரித்துப் பார்ப்பதே மனிதரின் மயக்கம் என்று தம் கடைசிக் காலத்தில் வாதாடியவர். இரண்டும் ஒன்றென்றால் நடுவர் எதை வைத்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பி அனுப்புகிறார்? நூலும் துணியுமாக வாழ்கிற கலைஞர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சந்திக்கிற கேள்வி இது. யனாகியிடத்தில் அது சமயக் கேள்வியாகவே எழுந்தது.

யனாகி (1889–1961) கைத்தொழில் குடும்பத்தில் பிறந்தவரல்லர். கவிஞர் வில்லியம் பிளேக்கைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய சமயத் தத்துவ அறிஞர். ஜென் பௌத்தத்தை மேற்குலகுக்குக் கொண்டுபோன டி.டி. சுசுகியிடம் பள்ளியில் படித்தவர். கொரியாவின் பழைய மண்பாண்டங்கள் அவர் கண்ணைத் திறந்தன. 1925இல் குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோருடன் சேர்ந்து ‘மிங்கெய்’ என்ற சொல்லை உருவாக்கினார். சாதாரண மக்கள் அன்றாடம் புழங்குவதற்காகப் பெயர் தெரியாத தொழிலாளிகள் மலிவாக, ஏராளமாகச் செய்யும் பொருள்களில்தான் ஆரோக்கியமான அழகு இருக்கிறது என்பது அவர் கட்சி. உழவர் உடுப்பும் போர்வையும் சமையலறைக் கிண்ணமும் அவர் கண்ணுக்கு அரண்மனைப் பட்டைவிட உயர்வாகத் தெரிந்தன.

இதற்கு ஓர் அடிப்படை வேண்டுமென்று அவர் தேடிக்கொண்டே இருந்தார். 1948 கோடையில், தொயாமா மாவட்டத்து ஜோஹானாவில் ஒரு கோயிலில் தங்கியிருந்தபோது அது கிடைத்தது. அமிதாப புத்தரின் பெரிய சூத்திரத்தில் 48 சூளுரைகள் வருகின்றன. நான்காவது சூளுரையின் சாரம் இது: என் நாட்டில் வந்து பிறப்பவர்களுக்குள் உருவத்தில் ஏற்றத்தாழ்வும் அழகு, அழகின்மை என்ற வேற்றுமையும் இருக்குமானால், நான் புத்தநிலையை ஏற்கமாட்டேன். எத்தனையோ தலைமுறைகள் ஓதி வந்த பகுதிதான். யனாகிக்கோ முப்பதாண்டுத் தேடலின் விடை அதில் இருந்தது. ‘அழகின் தர்ம வாசல்’ என்ற பொருள்படும் சிறு நூலை அங்கேயே ஒரே மூச்சில் எழுதினார்.

அவர் வாதத்தைப் புரிந்துகொள்ள ஷின்ரானைக் கொஞ்சம் அறிய வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்தத் துறவி, மனிதர் தம் சொந்த முயற்சியால் கரையேற முடியாது, அமிதாபரின் அருள்தான் தூக்கிவிட வேண்டும் என்றார். ஒன்று தன்வலிமை, மற்றது பிறவலிமை. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும் தாயே வாயில் கவ்விப் போகும் பூனைக்குட்டியையும் சொல்லி வடகலையும் தென்கலையும் நடத்திய விவாதத்தைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஷின்ரான் பூனைக்குட்டியின் பக்கம். யனாகி அதைத் தறிக்கும் சக்கரத்துக்கும் கொண்டுவந்தார். மேதைக் கலைஞன் தன்வலிமையால் ஏறுகிறான். அது சிலருக்கே வாய்க்கும். எழுத்தறியாத நெசவாளியோ தலைமுறை மரபு, இயற்கைப் பொருள், ஆயிரம் முறை செய்து பழகிய கை ஆகியவற்றின்மேல் தன்னைச் சாய்த்துக்கொள்கிறான். ஒரே கோலத்தை ஓயாமல் போடுவது அவனுக்கு நாமஜபம் மாதிரி. அழகு அவன் சம்பாத்தியமல்ல, அவனுக்குக் கொடுக்கப்படுகிறது.

இந்தக் கருத்துக்குத் துணியில் சாட்சி தேடினால் ஒக்கினாவாவின் பாஷோஃபுவிடம்தான் போக வேண்டும். 1938 முதல் 1940 வரை யனாகி அந்தத் தீவுகளுக்குப் பலமுறை போய்வந்தார். இந்தத் துணியைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் வாழைக்கு உறவான, பழத்துக்காக அல்லாமல் நாருக்காகவே வளர்க்கும் மரத்திலிருந்து கிடைக்கும் துணி அது. இலையை அவ்வப்போது கழித்து, தண்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வெட்டிய தண்டின் பட்டைகளை உரிக்கும்போதே நான்கு தரமாகப் பிரித்துவிடுவார்கள். வெளிப்பட்டை முரடு; உள்ளே போகப் போக மென்மை கூடும். உடுப்புக்கான நார் உட்பட்டையில் கிடைக்கிறது. மரச் சாம்பலின் காரநீரில் வேகவைத்து, மூங்கில் இடுக்கியால் வழித்துச் சதையைப் போக்கி, நிழலில் காயவைப்பார்கள். ஒரு கிமோனோவுக்கு வேண்டிய துணிக்கு ஏறக்குறைய 200 மரங்கள் வேண்டும்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தத் தொழிலின் உயிர். காய்ந்த நாரை நனைத்து, நகத்தால் கீறி இழையாகப் பிரித்து, ஓர் இழையின் வாலையும் அடுத்ததன் தலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நீட்டியிருக்கும் நுனியைச் சிறு கத்தியால் நறுக்குவார்கள். பிறகு அடுத்த முடிச்சு. இந்த வேலையைப் பெரும்பாலும் வயதான பெண்கள்தான் செய்கிறார்கள். பஞ்சுபோல முறுக்கி நூற்க முடியாத நார் இது என்பதால் துணி முழுவதும் முடிச்சுகளின்மேல்தான் நிற்கிறது. உலர்ந்த காற்றில் இழை அறுந்துவிடும். அதனால் மழைக்காலமே நெசவுக்கு உகந்த காலம். நெய்து முடித்த துணி தும்பியின் சிறகைப்போல இலேசாக இருக்கும். கோடைப் புழுக்கத்திலும் உடம்பில் ஒட்டாது. முடிச்சுகளைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் அகப்படும்.

இந்தத் துணியை ஒரு நடுவர் முன் வைத்தால் யாருடைய படைப்பு என்று எழுதுவது?

யனாகியின் எதிரிகளும் நண்பர்களும் கேட்ட முதல் கேள்வி வேறு. அழகு, அவலட்சணம் என்ற பேதமே இல்லையென்று சொல்கிற மனிதர் எப்படித் தம் அருங்காட்சியகத்துக்குப் பொருள்களைப் பொறுக்கி எடுத்தார்? இன்று அங்கே ஏறக்குறைய 17,000 பொருள்கள் இருக்கின்றன. பெரும்பகுதி அவர் கண் தேர்ந்தெடுத்தவை. அவரைவிடக் கண்டிப்பான நடுவர் அந்தத் தலைமுறையில் இருந்திருக்க முடியாது. அவர் கொடுத்த விடை: சூளுரை பேசுவது அமிதாபரின் தூய நாட்டைப் பற்றி. நாம் வாழ்கிற இடத்தில் பொருள்கள் பிறழ்கின்றன, ஏனென்றால் செய்கிறவனின் ‘நான்’ உள்ளே புகுந்துவிடுகிறது. நல்ல கண் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதில்லை. ‘நான்’ குறுக்கிடாத பொருளை நேராகக் கண்டுகொள்கிறது. முதலில் பார், பிறகு தெரிந்துகொள் என்பது அவர் விதி. மிங்கெய்க்கானில் இன்றும் கறுப்பு அரக்குப் பலகையில் சிவப்பு எழுத்தில் பொருளின் பெயர், ஊர், காலம் என்று சுருக்கமாகவே எழுதிவைக்கிறார்கள். நீண்ட விளக்கம் பார்வைக்குத் திரையாகிவிடும் என்ற நம்பிக்கை அது.

இந்த விடையில் பாதி ஏற்கத்தக்கது. இன்று உலகின் பல நூற்கலைக் கண்காட்சிகள் இந்த விதியை அறியாமலே பின்பற்றுகின்றன. அழைப்பு வெளியாகும். கலைஞர் கட்டணம் கட்டி, முழுத் துணியின் படம் ஒன்றும் நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றும் அனுப்புவார். பெயரை மறைத்துவிட்டு நடுவர்களுக்குக் காட்டுவார்கள். ஓஹையோ மாநிலத்து ஏதன்ஸ் நகரில் ஒரு பழைய மாட்டுப்பண்ணைக் கொட்டகையில் 1979இல் தொடங்கிய குவில்ட் நேஷனல் கண்காட்சி பிறந்ததே, வழக்கமான குவில்ட் (துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) போட்டிகளில் இடமில்லாமல் நின்ற புதுவகைத் துண்டுத்தையல் கலைஞர்களுக்கு ஒரு மேடை வேண்டும் என்றுதான். பேர்பெற்றவரும் முதன்முறை அனுப்புகிறவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. பெயர் தெரியாமல் பார்க்கும் கண்ணுக்கு ஒரு நேர்மை உண்டு. யனாகி கேட்டதும் அதைத்தான்.

ஆனால் படத்தில் துணியின் கனம் தெரியாது, விழுகிற விதம் தெரியாது, பாஷோஃபுவின் முடிச்சு தெரியாது. தொட்டுப் பார்க்காமல் துணியைத் தீர்ப்பிடுவது பாட்டைக் கேட்காமல் சுரக்குறிப்பை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பு. ஆயிரக்கணக்கில் வரும் படைப்புகளை நேரில் வரவழைக்க இடமும் பணமும் இல்லாததால் இந்த முறை வந்தது. குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கண்ணை மட்டும் கவர்கிற வேலைக்கு அது தூரத்திலிருந்தே சாய்கிறது என்பதை நடுவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

யனாகியின் விடையில் ஏற்க முடியாத மற்றொரு பாதி இருக்கிறது. அதை ஒக்கினாவாவிலோ கோமாபாவிலோ அல்ல, 1933இன் சிகாகோவில் பார்க்கலாம்.

அந்த ஆண்டு சிகாகோவில் ‘முன்னேற்றத்தின் நூற்றாண்டு’ என்ற உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டிச் சியர்ஸ் நிறுவனம் நாடு தழுவிய குவில்ட் போட்டி ஒன்றை அறிவித்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் மிக மோசமான காலம். முதல் பரிசு ஆயிரம் டாலர். கண்காட்சியின் கருப்பொருளையே தைத்துப் பரிசு பெற்றால் கூடுதலாக 200 டாலர். பண்ணை வீடுகளிலும் சிற்றூர்களிலும் விளக்கு வெளிச்சத்தில் ஊசிகள் ஓடின. வந்து சேர்ந்த குவில்ட்டுகள் 24,000க்கும் அதிகம். முதலில் கடைகள் அளவில், பிறகு வட்டார அளவில் வடிகட்டி, 30 குவில்ட்டுகளைச் சிகாகோவில் கண்காட்சிக்கு வைத்தார்கள். வானளாவிக் கட்டடங்களையும் விமானங்களையும் சொந்தக் கற்பனையில் தைத்து அனுப்பியவர்கள் ஏமாந்தார்கள். நடுவர்கள் மரபான நட்சத்திரக் கோலம் ஒன்றைத்தான் உச்சத்தில் வைத்தார்கள். தையல் அவ்வளவு நுட்பம்.

பரிசு, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரின் மார்கரெட் கேடனுக்குப் போனது. குவில்ட் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளிக்கப்பட்டது. போட்டியாளர் தாமே செய்ததை அனுப்ப வேண்டும் என்பது விதி. கேடன் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை. அவர் குடும்பத்தின் கடைக்கு வேலை செய்துகொடுத்த பெண்கள் துண்டுகளை இணைத்தார்கள், பஞ்சு திணித்துக் கோலத்தைப் புடைக்கச் செய்தார்கள், மெல்லிய தையலால் மூன்று அடுக்கையும் பிணைத்தார்கள். வேலைக்குப் பேசிய கூலி கிடைத்தது, ஆயிரம் டாலரில் பங்கு கிடைக்கவில்லை. வாய் திறந்தால் அடுத்த வேலை வராது என்பதால் அவர்கள் பேசவில்லை. மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட நூலில்தான் கதை முழுதாக வெளிவந்தது. அந்தக் குவில்ட் இன்று எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இந்த நிகழ்ச்சியை யனாகியின் அளவுகோலால் அளந்து பாருங்கள். பெயரில்லாத பெண்கள். மரபான கோலம். ‘நான்’ குறுக்கிடாத கை. கூட்டு உழைப்பு. எல்லா நிபந்தனையும் நிறைவேறியிருக்கிறது. நடுவர்கள் கண்ட அழகும் உண்மையான அழகுதான். அப்படியிருந்தும் இதைப் புனிதமென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெண்கள் தங்கள் பெயரைத் துறக்கவில்லை. அவர்கள் பெயர் எடுக்கப்பட்டது.

துறவுக்கும் பறிப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை யனாகி போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. பெயரில்லாமை ஒரு சமயப் பண்பாக இருக்கலாம். ஆனால் அது செய்தவர் தாமாகக் கொடுக்கும் காணிக்கையாக இருக்க வேண்டும். கலைப் பொருளைச் சேகரிக்கும் கல்விமானோ கடை முதலாளியோ நடுவர் குழுவோ செய்தவரின் சார்பில் அதைக் கொடுத்துவிட முடியாது. ஒரு குயவனின் பெயர் தெரியாமல் போனதற்கு அவன் அகந்தை அழிந்ததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? கேட்டு எழுதிக்கொள்ள யாரும் இல்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம். கொரியக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உருகிய ஜப்பானியருக்கு, அந்தக் கொரியர் தம் பெயரைச் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பது எளிதில் தோன்றும் கேள்வியல்ல.

யனாகியின் நெருங்கிய தோழர்களுள் பெயரைத் தாமே துறந்த ஒருவர் இருந்தார். கவாய் கன்ஜிரோ குயவர்தான், துணிக்காரரல்லர். என்றாலும் இங்கே அவரைச் சொல்லாமல் விட முடியாது. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் 1957இல் மிலானிலும் அவர் படைப்புகள் பெரும்பரிசு பெற்றன. இரண்டு முறையும் அனுப்பியவர் ஒரு நண்பர்; கவாய் விண்ணப்பிக்கவேயில்லை. ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற அரசுச் சிறப்பைக் கொடுக்க வந்தபோது மறுத்தார், பண்பாட்டு விருதையும் மறுத்தார். அதே சிறப்பை ஹமாதா 1955இல் ஏற்றுக்கொண்டார். ஏற்றதில் தவறில்லை, மறுத்ததில் வீம்பில்லை. இருவரும் தாங்களே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். லெக்சிங்டன் பெண்களுக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை.

துணிக்காரர்களுள் ஷிமுரா ஃபுகுமியின் வழி வேறு. 1924இல் பிறந்த அவர், யனாகியின் ஊக்கத்தால் முப்பது வயதைத் தாண்டித் தறிக்கு வந்தவர். நெய்து மிஞ்சிய துண்டு நூல்களை முடிந்து மறுபடி நெய்யும் ஏழை வீட்டு வழக்கத்தைத் தாயிடமிருந்து கற்றார். அந்த வழக்கத்திலிருந்தே, நீலச் சாயத்தின் பல சாயல்கள் மூடுபனிபோல் கலையும் ‘இலையுதிர்கால மூடுபனி’ என்ற கிமோனோவை உருவாக்கினார். ஆண்டுதோறும் பொது அழைப்பின்பேரில் நடக்கும் ஜப்பானிய மரபுக் கைவினைக் கண்காட்சியில் 1958இல் அதை வைத்தார். ஊக்கப் பரிசு கிடைத்தது. அது மிங்கெய் நெறிக்குள் அடங்காத துணி. ஒரு பெண் தன் மனத்தில் கண்ட வானத்தைத் தன் பெயரில் நெய்தது. வறுமையின் கிழிசல் முடிச்சும் தனிமனிதக் கற்பனையும் ஒரே துணிக்குள் சேர்ந்திருப்பதை ‘தன்வலிமை’ என்று ஒதுக்கித் தள்ளினால் இழப்பு ஒதுக்குபவருக்குத்தான். 1990இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது.

இந்தச் சிக்கல் ஜப்பானோடும் அமெரிக்காவோடும் நிற்பதல்ல. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் தார் சுற்றியிருப்பார்கள், பாவு பிணைத்திருப்பார்கள். நெசவாளர்களுக்கு மத்திய அரசு வழங்கும் பெரிய விருதுக்குச் சந்த் கபீரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். காசியில் தறி நெய்த ஞானியின் பெயரைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் விருது போவது ஒரு நெசவாளருக்கு. கரை நாடா தள்ளிய கைக்கு அந்தப் பட்டயத்தில் இடமில்லை.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பெரிய குவில்ட் போட்டிகள் இன்று ஒருவர் செய்தது, இருவர் செய்தது, குழு செய்தது என்று தனித்தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. துண்டுகளை இணைத்தவர் ஒருவர், அடுக்குகளைத் தைத்தவர் இன்னொருவர் என்றால் இரண்டு பெயரும் துணியின் பக்கத்தில் எழுதப்படுகின்றன. ஜப்பானியச் சட்டமும் தனிமனிதரையும் குழுவையும் வெவ்வேறாக ஏற்கிறது. ஒக்கினாவாவின் ஒகிமி கிராமத்துக் கிஜோகாவில் பாஷோஃபு இரண்டாம் உலகப் போரோடு அழிந்துபோகும் நிலையில் இருந்தது. கொசு பெருகுமென்று அமெரிக்கப் படையினர் மரங்களையே வெட்டிப்போட்டிருந்தார்கள். போர்க்காலத்தில் குராஷிகியின் ஆலைக்கு வேலைக்குப் போன தைரா தோஷிகோ என்ற இளம்பெண், அங்கே மிங்கெய் ஆசிரியர் ஒருவரிடம் நெசவு கற்று, ஊர் திரும்பி, கணவனை இழந்த பெண்களையும் பாட்டிமாரையும் கூட்டிச் சேர்த்து நாரை மறுபடி முடியவைத்தார். 1974இல் அரசு அந்தத் துணியை முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது, அதைக் காப்பவராகக் கிஜோகாவின் சங்கத்தைக் குறிப்பிட்டது. தைராவுக்குத் தனிச் சிறப்பு 2000இல்தான் வந்தது. ஊருக்கு முதலில், ஒருவருக்குப் பிறகு என்ற அந்த வரிசை சரியானது. 2022இல் தம் 101ஆம் வயதில் தைரா காலமானார்.

படைப்புகளுக்கு அழைப்பு விடுக்கும் எந்த அமைப்பும் இதைத் தன் விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கலாம். நூலை ஆக்கியவர் யார், சாயம் ஏற்றியவர் யார், நெய்தவர் அல்லது தைத்தவர் யார், பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர் யார் என்று நான்கு வரி கேட்டால் போதும். நடுவர்கள் பார்க்கும் வேளையில் அத்தனை பெயரையும் மறைத்துவைக்கட்டும். யனாகி விரும்பியபடி துணி தன்னைத் தானே காட்டிக்கொள்ளட்டும். தேர்வு முடிந்து துணி சுவரில் ஏறிய பிறகு நான்கு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடட்டும். அவர்களுள் யாராவது ஒருவர், கவாயைப்போல, என் பெயர் வேண்டாம் என்று சொன்னால், அவர் கேட்டபடியே அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.